கையால் பார்க்க ஒரு டாங்கி

சென்ற ஆயுத பூஜைக்கு எங்கள் பழைய கட்டட மாடல் பட்டறையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் வருஷம் தவறாமல் அங்கே போவது பொரிகடலைக்காகத்தான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதில் முக்கால் பங்கு உண்மை. இந்த முறை அங்கே ஒரு புது மெஷின் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் பிளாஸ்டிக்கை உருக்கி, இழை இழையாக அடுக்கி, பொருளாகவே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. அதற்கு சந்தனம் குங்குமம் வைத்து ரோஜா மாலையும் போட்டிருந்தார்கள்.

"இதைப் பாத்தா உங்களுக்குக் கஷ்டமா இல்லையா அக்கா?" என்று இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டார்கள்.

எனக்கு என்ன கஷ்டம்? இந்த மெஷின் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே வந்திருந்தால் என் கழுத்துவலி பாதியாகக் குறைந்திருக்கும். அப்படியே சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. நான் செய்ததிலேயே கஷ்டமான மாடல் எது? பழைய மகாபலிபுரம் சாலையில் எழும்பிய ஐ.டி. பூங்கா எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. டாங்கி என்றேன். மொட்டை மாடியில் வைக்கிற தண்ணீர் டாங்கியா என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் தொழிலில் வேறு எந்த டாங்கியையும் அவள் பார்த்திருக்க நியாயமில்லை. போர் டாங்கி என்றதும் எல்லோரும் மெஷினை விட்டுவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அன்று அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன்.

என் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தேன், கல்யாணமாகி ஊரப்பாக்கம் வந்தேன், கோவிலம்பாக்கத்தில் வேலை கிடைத்தது. பல்லாவரம் வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பில்டர் ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் மரமும் காரும் நீச்சல் குளமுமாக ஒரு குட்டிக் குடியிருப்பு வைத்திருப்பார்களே, அதைச் செய்கிற பட்டறை அது. முதல் வருஷம் முழுக்க ஜன்னல் வெட்டினேன். அடுத்த வருஷம் மரம் செய்தேன். அதற்கப்புறம்தான் ஒரு பால்கனியைத் தொட விட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நிஜத்தில் யாரும் கட்டி முடிக்காத எத்தனையோ நீச்சல் குளங்களை நான் கட்டி முடித்திருக்கிறேன்.

எங்கள் முதலாளி தாமோதரன் சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பட்டறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவார், மாடலுக்கு முன்னால் முட்டி போடுவார், கண்ணை அதன் தெருமட்டத்துக்குக் கொண்டுபோவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் மனிதன் இருப்பான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். அவனுக்கு 'வாடகைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். அவனை வாசலில் நிறுத்தி, படியில் ஏற்றி, பால்கனியில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார். "வாடகைக்காரர் தலையை இடிச்சுக்கறார் வசந்தா" என்றால் கதவு குட்டை என்று அர்த்தம். "வாடகைக்காரர் வீடு வேணாங்கிறார்" என்றால் மொத்தத்தையும் பிரித்துப் போட வேண்டும். திட்டினால்கூடத் திருப்பிப் பேசலாம், இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்த அடுக்குமாடியிலும் ஏ டைப், பி டைப் என்று வீடுகள் உண்டு. ஏ டைப்பில் நுழைந்ததும் இடதுபுறம் சமையலறை என்றால் பி டைப்பில் வலதுபுறம். மற்றபடி இரண்டும் ஒன்றேதான். அதனால் நாங்கள் ஏ டைப்புக்கு மட்டும் அச்சு வெட்டுவோம். அதையே கவிழ்த்துப் போட்டு வரைந்தால் பி டைப் தயார். பட்டறையில் பாதி வேலை இப்படித்தான் மிச்சமானது. யோசிக்காமலே கை தானாகக் கவிழ்த்துப் போடும் அளவுக்கு அது எங்களுக்கு ஊறிப்போயிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பொங்கல் சமயம். பெருங்களத்தூரில் ஒரு பில்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. யாரோ மாடலில் இருந்த தென்னை மரத்தை உடைத்துவிட்டார்கள், உடனே வந்து நட வேண்டும். ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தது. அந்த நெரிசலில் கையில் இரண்டு தென்னை மரங்களை டிபன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு நான் நீந்திப் போய்ச் சேர்ந்தேன்.

ஆபீசில் காட்டன் சேலை கட்டிய ஒரு அம்மாள் நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர், முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மரத்தை உடைச்சது இவர்தாம்மா, என் வீட்டுக்காரர்," என்றார் அந்த அம்மாள். "இவருக்குக் கண் தெரியாது. வாங்கப்போற வீட்டைப் பாக்கணும்னார். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கையைப் பிடிச்சு வெச்சேன். உங்க தென்னைமரம் குறுக்க வந்துடுச்சு."

"மரம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அவர், "ஆனா மாடிப்படி திரும்பற இடம் ரொம்ப ஒடுக்கம்மா. பீரோ ஏறாது."

பில்டருடைய மேனேஜர் கூரையைப் பார்த்தார். பீரோ ஏறாது என்பது எனக்கும் அவருக்கும் முன்பே தெரியும். இருந்தாலும் அவர்கள் அந்த வீட்டைத்தான் வாங்கினார்கள். பீரோவைக் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினார்களாம்.

அந்த அம்மாள்தான் ரெஜினா டீச்சர். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். குடிபோன பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் பட்டறையைத் தேடிக்கொண்டு வந்தார். சார் நாற்காலி போடச் சொன்னார். டீச்சர் உட்காரவில்லை. வகுப்பெடுக்கிற மாதிரி நின்றுகொண்டே பேசினார்.

"எங்க வீட்டுக்காரர் சவரிமுத்து மிலிட்டரில இருந்தவர். எழுபத்தொண்ணு சண்டையில டாங்கி டிரைவர். ஆத்துல நீந்திப் போற டாங்கி, பி.டி. எழுபத்தாறுன்னு பேரு. இப்ப சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோயிடுச்சு. அதைக்கூடத் தாங்கிக்கிட்டார். ஆனா கொஞ்ச நாளா, 'ரெஜி, மனசுல இருக்கற படமும் மங்குது'ன்றார். என் மூஞ்சி மறந்துபோனா தொட்டுப் பாத்துக்கறார். டாங்கியை எங்க போய்த் தொடறது?"

டீச்சர் தொடர்ந்தார். "அவருக்கு அறுபது முடியுது. மடியில வெச்சுத் தடவிப் பாக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. ஆனா ஒண்ணு, தப்பா செய்யாதீங்க. நீங்க தப்பா செஞ்சா உங்களுக்கு ஒரு மாடல் வீணாப்போகும், அவ்வளவுதான். அவருக்கு அப்புறம் கையில இருக்கறதுதான் ஞாபகம். நிஜமா இருந்தது அழிஞ்சேபோயிடும்."

தாமோதரன் சாரும் எழுந்து நின்றார். "எங்களுக்கு டாங்கி பத்தி ஒண்ணும் தெரியாது டீச்சர். தெரிஞ்சுக்கிட்டுச் செய்றோம்" என்றார்.

டீச்சர் போனதும் பக்கத்து மேஜை காசி என்னிடம் குனிந்தான். "இன்னாக்கா, சார் பாட்டுக்கு ஒத்துக்கினாரு. நம்ம கட்ற பில்டிங்கு நகராதே, இது ஓட்ற ஐட்டமாச்சே!" என்றான். காசி பாலவாக்கம் குப்பத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் படகுகளுக்கு பெயின்ட் அடிக்க ஆரம்பித்து, பெயின்ட் டப்பாவோடு எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டான்.

தாம்பரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படங்களைத் தேடி எடுத்தேன். அச்சடித்த தாள்களைச் சுவரில் ஒட்டினோம். தட்டையான உடம்பு, படகு மாதிரி முன்பக்கம் சரிந்து ஏறும் மூக்கு, மேலே குல்லாய் போல ஒரு பீரங்கிக் கூண்டு, பக்கத்துக்கு ஆறு சக்கரம், பின்னால் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் இரண்டு துளைகள். பக்கவாட்டு அளவு வரைபடம் ஒன்றும் கிடைத்தது. பதினாறில் ஒரு பங்கு என்று முடிவு செய்தோம். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு சாண். மடியில் உட்காரும்.

அட்டையில் முதல் வடிவத்தை வெட்டி ஒட்டியதும் சார் வந்து அதற்கு முன்னால் முட்டி போட்டார். பழக்க தோஷத்தில் வாடகைக்காரரை எடுத்தார். எங்கள் டாங்கிக்குப் பக்கத்தில் வாடகைக்காரர் பூனைக்குட்டி அளவுக்குத்தான் இருந்தார். அவரைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, "நாம இத்தனை வருஷமா கண்ணுக்குத்தான் செஞ்சிருக்கோம். இது கைக்கு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நம்ம பழைய மாடலைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

அப்போதுதான் எங்கள் வண்டவாளம் தெரிந்தது. பில்டர் மாடலில் பாதிப் பொருட்கள் வெறும் பெயின்ட்தான். ஜன்னல் கம்பி ஒரு கோடு, செங்கல் ஒரு கோடு, கதவுக் கைப்பிடி ஒரு புள்ளி. கண்ணை மூடித் தடவினால் எல்லாம் மொழுமொழுவென்று ஒரே சுவர். ஆகவே எங்கள் தொழிலைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டோம். வெல்டிங் தையல் வருகிற இடங்களில் நூலைப் பசையில் தோய்த்து ஒட்டினோம். போல்ட்டுக்குக் குண்டூசித் தலை. சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்கு சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக நறுக்கிச் சுற்றினேன். சக்கரங்களைக் குரோம்பேட்டை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினோம். செயின் பட்டைக்கு அலுமினியத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, கம்பி கோத்து மாலையாகக் கட்டினோம். காசி கோத்த வேகத்தைப் பார்த்து, "நீ மல்லிப்பூ கட்டப் போயிருக்கலாம்டா" என்றேன். "வலை பின்னுன கை அக்கா இது" என்றான்.

உடம்பை அக்ரிலிக் தகட்டில்தான் வெட்டினோம். இன்ஜெக்‌ஷன் ஊசியில் குளோரோஃபார்ம் எடுத்து, இரண்டு தகடும் சேரும் இடுக்கில் ஒரு சொட்டு விட்டால் போதும், அது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். சார் கண்ணை மூடித் தொட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது சுடவும் இல்ல, குளிரவும் இல்ல. இரும்புல உக்காந்தவருக்கு இது பத்தாது." சரியென்று அக்ரிலிக் மேலே மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தினோம். ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டுத் தொட்டபோது சில்லென்று இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையில் எல்லோரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு மேஜையைத் தடவிக்கொண்டிருந்த அந்த நாட்களில், பில் கொடுக்க வந்த கூரியர்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேல்வேலை முடிவதற்கு முன்னால் ஒரு தடவை அவர் தொட்டுப் பார்த்துவிடட்டும் என்று சார் சொன்னார். டீச்சர் அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் டாங்கியை மேஜையில் வைத்து, அவர் கைகளை அதன் மூக்கில் கொண்டுபோய் வைத்தோம்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. மூக்கில் மடங்கிக் கிடந்த பலகையைத் தொட்டதும், "தண்ணில இறங்கும்போது இதைத் தூக்கி நிறுத்துவோம், அலை மேல ஏறாம இருக்க" என்றார். டிரைவர் மூடியைக் கண்டுபிடித்தார். அதை ஒரு விரலால் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். டீச்சர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்புறம் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் இறக்கி, முன்னாலிருந்து பின்னால் சக்கரம் சக்கரமாகத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது சக்கரத்தில் கை நின்றது. திரும்ப முதல் சக்கரத்துக்கு வந்தார். திரும்பவும் மூன்றாவதில் நின்றார்.

"இது என் வண்டி இல்லம்மா," என்றார்.

"எது தப்புன்னு சொல்லுங்க சார், மாத்திடறோம்" என்றேன்.

"தெரியலயே. ரெண்டு கையும் நேருக்கு நேரா நிக்குது. அது என்னமோ மாதிரி இருக்கு." இன்னொரு தடவை தடவினார். பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க படத்தைப் பாத்துத்தானே செஞ்சிருப்பீங்க? அப்ப நான்தான் மறந்திருப்பேன். இதே இருக்கட்டும். இப்படித்தான் இருந்துச்சுபோல."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் முன்பே எச்சரித்த விஷயம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் எங்கள் அலுமினியத்துக்காகத் தன் ஞாபகத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாமோதரன் சார் மாடலை எடுத்துத் தூர வைத்தார். "சவரிமுத்து சார், நீங்க மறக்கல. மாடல்தான் தப்பு," என்றார். என்ன தப்பு என்று அவருக்கும் தெரியாது. ஆனால் சந்தேகமே இல்லாத குரலில் சொன்னார். "இதை விடுங்க. ஆத்துல போயிட்டு வந்ததும் வண்டிக்கு என்ன வேலை செய்வீங்க? அதைச் சொல்லுங்க."

"செயினைக் கழுவுவேன். கிரீஸ் வைப்பேன். உள்ளே கொஞ்சம் தண்ணி கசிஞ்சிருக்கும், அதைத் துடைப்பேன்."

"எப்படித் துடைப்பீங்க?"

"துணியாலதான். தரையில குறுக்க இரும்புக் கம்பி மாதிரி பார் ஓடும். சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது சார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு பார், இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும். சக்கரம் பள்ளத்துல இறங்கினா அந்த பார் முறுக்கிக் கொடுக்கும். ரெண்டு ரெண்டா இருக்கும். நடுவுல துணியை நுழைச்சு…"

சொல்லிக்கொண்டே அவர் கைகள் காற்றில் துடைத்துக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன.

"ரெண்டு ரெண்டா இருக்கும்," என்று மறுபடி சொன்னார். "ஒண்ணு இடது சக்கரத்துக்கு, ஒண்ணு வலது சக்கரத்துக்கு. ஒரே இடத்துல ரெண்டு பார் எப்படிப் படுக்கும்? பக்கத்துல பக்கத்துலதான் படுக்கும். அப்ப இந்தப் பக்கத்துச் சக்கரம் அந்தப் பக்கத்துக்கு நேரா வராது. கொஞ்சம் தள்ளித்தான் வரும்!"

காசிதான் முதலில் வாயைத் திறந்தான். "அய்யய்யோ. பி டைப்பு!"

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தோம். ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் வரைபடம் கிடைத்திருந்தது. மறுபக்கத்துக்கு எங்கள் பட்டறையில் யாரும் தேடவே இல்லை. ஒரு பக்கம் அச்சு வெட்டி, கவிழ்த்துப் போட்டு, மறுபக்கம் தயார் என்று வைத்துவிட்டோம். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒரு நேரத்தில் டாங்கியின் ஒரு பக்கம்தான் தெரியும், அதனால் ஆயுசுக்கும் அது தெரிந்திருக்காது. இவர் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தார்.

ஏ டைப், பி டைப் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "ஏம்மா, டாங்கியையும் ஃபிளாட்டு மாதிரி கட்டிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் எதிர் வீட்டுச் சமையல் வாசனையெல்லாம் நேரா எங்க சமையலறைக்கு வருதா?" என்றார் டீச்சர், பழி முழுவதையும் எங்கள் மேல் போட்டு.

போகும்போது வாசலில் நின்று, "இன்னொண்ணு கேக்கலாமா?" என்றார் சவரிமுத்து. "இது மிதக்குமா?"

எங்கள் தொழிலில் தண்ணீர்தான் முதல் எதிரி. பட்டறை ஓட்டில் ஒரு ஒழுக்கு விழுந்தால் நாலு மாடிக் கட்டடம் ஊறிப்போகும். நாங்கள் கட்டிய நீச்சல் குளங்களிலேயே தண்ணீர் கிடையாது, நீலப் பெயின்ட்தான்.

"மிதக்கும்," என்றார் தாமோதரன் சார்.

அடிப்பகுதி முழுவதையும் பிரித்துப் போட்டோம். எப்படியும் சக்கரத் துளைகளைப் புதிதாகப் போட வேண்டும். அதனால் சார் அக்ரிலிக்கை விட்டுவிட்டுப் பித்தளைத் தகட்டில் தொட்டி மாதிரி மடித்து, மூலைகளைப் பற்றவைக்கச் சொன்னார். வலது பக்கத்துச் சக்கரங்களை அரை விரல் அகலம் தள்ளிப் பொருத்தி, துளைகளில் தண்ணீர் புகாதபடி அடைத்தோம். உள்ளே தரையில் குறுக்காகக் கம்பிகள் ஓடின, இரண்டு இரண்டாக. வெளியே தெரியாத அந்தக் கம்பிகள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவை இல்லாமல் மூட எனக்கே மனசு வரவில்லை.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்த்தோம். மிதந்தது, ஆனால் வாத்து மாதிரி. உடம்பு முழுக்க வெளியே தெரிய, லேசாக ஆடிக்கொண்டு, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. சார் டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் மறுமுனையில் கணக்குப் போட்டது எங்களுக்கே கேட்டது. "நிஜ டாங்கி பதினாலு டன். நீளம் பதினாறுல ஒண்ணு, அகலம் பதினாறுல ஒண்ணு, உயரமும் அப்படியே. அப்ப பதினாறு பெருக்கல் பதினாறு பெருக்கல் பதினாறால வகுக்கணும். மூணு கிலோ நானூறு கிராம் சொச்சம் வரும். உங்களது எவ்வளவு?" எங்களது அதைவிட நன்றாகவே குறைவு.

மறுநாள் காசி வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, டிரம்மில் விட்டு, எடுத்து, இடம் மாற்றி, திரும்ப விட்டான். "பின்னாடி கொஞ்சூண்டு கனம் கூட இருக்கணும்க்கா. அப்பதான் மூக்கு தண்ணி குடிக்காது. எங்கப்பன் படகுக்கும் இதே கதைதான்" என்றான். டாங்கி மெல்ல மெல்ல இறங்கி, உடம்பு தண்ணீருக்குள் போய், மேல்தட்டும் கூண்டும் மட்டும் வெளியே நிற்க, ஆடாமல் நின்றது. பட்டறையில் கைதட்டினோம். பில்டர் யாரும் எங்கள் மாடலுக்குக் கைதட்டியதில்லை, அந்தக் குறையை நாங்களே தீர்த்துக்கொண்டோம்.

அவருடைய அறுபது முடிந்த அன்று பெருங்களத்தூர் வீட்டுக்கு நான், காசி, சார் மூன்று பேரும் போனோம். கேக் வெட்டி, ஜெபம் சொல்லி, பிரியாணி சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் டாங்கியை அவர் மடியில் வைத்தோம். அவர் மூக்கைத் தொடவில்லை, மூடியைத் தொடவில்லை. நேராக இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் இறக்கினார். முதல் சக்கரம், இரண்டாவது, மூன்றாவது. கை நிற்காமல் ஆறாவது வரை போனது. கைகளை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"எங்கடா போயிருந்தே இத்தனை நாளா?" என்று டாங்கியைக் கேட்டார்.

பிறகு குளியலறைக்குப் போனோம். தண்ணீர் லாரி வரும்போது பிடித்துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பை டீச்சர் நிரப்பி வைத்திருந்தார். சவரிமுத்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மூக்குப் பலகையைத் தூக்கி நிறுத்தினார். மூடிகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று விரலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். டாங்கியை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார்.

கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது அவர் தோளிலேயே தெரிந்தது. கைகள் இன்னும் கீழே போயின. டாங்கி மேலேயே நின்றுவிட்டது.

"விட்டுடுச்சு," என்றார். "தரையை விட்டுடுச்சு. சீட்டுல உக்காந்திருக்கும்போது இப்படித்தான் இருக்கும் ரெஜி. அதுவரைக்கும் கடகடன்னு இருக்கும். திடீர்னு ஒண்ணுமே இருக்காது."

"சண்டையில ஆத்தைத் தாண்டின அன்னைக்கு அக்கரையில என்ன தெரிஞ்சுது? இத்தனை வருஷத்துல நீங்க எனக்குச் சொன்னதே இல்லையே," என்றார் டீச்சர்.

"என்ன தெரியும்? மூடி போட்டாச்சு. முன்னால பலகை நிக்குது. பாக்கற கண்ணாடியில தண்ணி அடிச்சு ஒரே மங்கல். ஆறு தெரியல, கரை தெரியல. காதுல கமாண்டர் குரல் மட்டும்தான். கை சொல்றதைக் கேட்டுக்கிட்டே ஓட்டினேன்."

டாங்கி டப்பின் ஓரத்தில் போய் லேசாக இடித்தது. அவர் அதைக் கையால் தேடிப் பிடித்துத் திருப்பிவிட்டார். பிறகு முகத்தை நிமிர்த்தி, டீச்சர் நின்ற பக்கமாகத் திருப்பினார்.

"அதான் சொல்றேன் ரெஜி. அன்னைக்கு எனக்கு எவ்வளவு தெரிஞ்சுதோ, அவ்வளவும் இப்பவும் தெரியுது. ஒண்ணுகூட மங்கல."

டீச்சர் பட்டுச்சேலையோடு அந்த ஈரத் தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டார்.